லாட்ஜ் அம்மா வந்த சீசன்

சீசன் என்பது தமிழ்ச் சொல் என்றுதான் பத்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம், பனிக்காலம் என்பதுபோல அதுவும் ஒரு காலம். பள்ளிக்கூடம் முழுப் பரீட்சை முடிந்து விடும்போது வரும். மேலே கர்நாடகத்தில் மழை பிடித்து ஆறு செம்மண் கரைத்த நிறத்துக்கு மாறும்போது போய்விடும். அந்த இரண்டு மாதமும் ஒகேனக்கல்லில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட, "சீசன்ல இதென்ன காச்சல்?" என்று அம்மா என்னைத்தான் திட்டுவாள், நான் வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டதுபோல.

மாத்திரை டப்பாவைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேராவது எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்திருப்பீர்கள். தர்மபுரியில் பஸ் மாறி, பென்னாகரம் தாண்டி, மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அருவியில் தலையைக் கொடுத்து, மீன் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பியிருப்பீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அங்கேயே இருந்தவர்கள் நாங்கள். எங்களுடைய ஒரு கோடையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோடையில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு பாறைகளுக்குள் புகுந்து கிளைகிளையாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே எங்கள் வீடு இருந்தது. மூன்று பக்கமும் தண்ணீர்ச் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டதால் எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. பென்னாகரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனால்தான் காதுக்குள் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும், தூக்கம் வராது. அப்பா பரிசல் ஓட்டினார். அம்மா அடுப்புக்காரி. வருகிறவர்கள் ஆற்று மீனை வாங்கிக் கையில் கொடுத்தால் அங்கேயே கழுவி, அரைத்து, குழம்பும் வறுவலுமாக ஆக்கிக் கொடுக்கும் பெண்கள் வரிசையில், புளியமரத்தடியில் மூன்றாவது அடுப்பு அவளுடையது.

ஒரு நாளின் எந்த நேரம் என்பதை நான் மூக்கால்தான் அறிந்தேன். காலையில் டீசல் வாடை வந்தால் முதல் பஸ் வந்துவிட்டது. அடுத்து நல்லெண்ணெய் வாசம். பாறையில் குப்புறப் படுத்திருக்கும் வெளியூர் ஆண்களின் முதுகில், எண்ணெய் தேய்க்கிறவர்கள் படார் படார் என்று அடிக்கிற ஓசையும் அதோடு சேர்ந்து வரும். உச்சிவேளையில் மிளகாயும் மீனும் எண்ணெயில் விழுகிற காரம், கண்ணில் நீர் வரும். நாலு மணிக்கு மேல் ஈரத் துணியும் சோப்பும். கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டு மலையேறிய பிறகு, அருவியின் சாரல் மட்டும் மெல்ல மேலே ஏறி வந்து எங்கள் வாசலில் நிற்கும். குரங்குகள் இறங்கி வந்து எச்சில் இலைகளைப் பிரிக்கும். அந்தப் பொழுதில் ஊர் மறுபடி எங்களுடையதாகும். சீசனில் நாங்கள் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மணி நேரம்தான்.

கீழே, தண்ணீர் வேகம் குறைந்து சுழித்து நிற்கும் ஒரு மடு உண்டு. அருவியில் குளித்தவர்கள் தொலைத்ததெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும். ஒற்றைச் செருப்பு, சோப்புப் பெட்டி, பாதி பல் உதிர்ந்த சீப்பு, சின்னக் குழந்தையின் ஜட்டி, மூக்குக் கண்ணாடி. ஒருமுறை ஒரு செட் பல்லே வந்தது. அப்பா அதைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அதை வாங்கிக் கழுவாமலே மாட்டிக்கொண்டு, முதல் வார்த்தையாக, "நல்லா இருப்பா" என்றாராம். அப்பா இதை நடித்துக் காட்டும்போது அம்மா அடுப்பு ஊதுவதை விட்டுவிட்டுச் சிரிப்பாள். நான் சேர்த்து வைத்திருந்த ஒற்றைச் செருப்புகள் மட்டும் பதினேழு. எதற்கு என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான பஸ்ஸில் ஒரு பெண் இறங்கினார். ஐம்பது வயது இருக்கலாம். கத்தரிப்பூ நிறத்தில் நூல் புடவை, ஒரு ரெக்ஸின் பை, ஒரு குடை. கூட யாரும் இல்லை. அன்றைக்கெல்லாம் எங்கள் ஊருக்கு ஒரு பெண் ஒற்றையாக வந்து நான் பார்த்ததில்லை. குடும்பம் குடும்பமாக வருவார்கள், கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வருவார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் இரண்டு இரண்டு பேராக வருவார்கள். இவர் நேராக லாட்ஜுக்குப் போய் அறை கேட்டார். "கூட யாரும்மா வராங்க?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "பின்னால வருவாங்க" என்றாராம். பதிவுப் புத்தகத்தில் பெங்களூர் விலாசத்தைக் கதவு எண் உட்பட முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள் ஆயிற்று. பின்னால் யாரும் வரவில்லை.

லாட்ஜ் அம்மா என்று எங்களுக்குள் பேர் வைத்துக்கொண்டோம்.

அவர் அருவியில் குளிக்கவில்லை. தொங்குபாலத்தில் ஏறவில்லை. நான் பார்த்த அத்தனை டூரிஸ்டுகளில் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டாம் நாள் காலை பரிசல் துறைக்கு வந்து அப்பாவிடம், ஆற்று நடுவில் தெரிகிற மணல் திட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கோடையில் தண்ணீர் வடிந்து வெளியே வரும் திட்டு அது. ஒரு மருத மரம், கொஞ்சம் நாணல், மற்றபடி மணல். அப்பா கூட்டிப்போனார். நாலு மணிக்குக் கூட்டி வந்தார். மறுநாளும் அப்படியே.

பக்கத்து அடுப்புக்கார அக்காதான் முதலில் ஆரம்பித்தது.

"ஏங்க்கா, கழுத்துல தாலி இருக்குது. புருசன் எங்கம்மான்னு கேட்டா சிரிக்குது அந்தம்மா."

"சிரிச்சா என்னா?" என்றாள் அம்மா, மீன் செதிளை உரசிக்கொண்டே.

"போன சீசன்ல ஒரு ஆளு வந்தானே. அவனுந்தான் சிரிச்சுக்கிட்டே டீ குடிச்சான். சாயங்காலம் எங்க எடுத்தாங்க அவன?"

அம்மாவின் கை நின்றது. போன சீசனில் ஒருவர் பாறையிலிருந்து குதித்துவிட்டார். போலீஸ் வந்து துறையை மூடிவிட்டது. சீசன் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் பரிசல்கள் கரையில் கவிழ்ந்தே கிடந்தன. எங்கள் வீட்டில் கடைசியில் கேழ்வரகுக் கூழை உப்புப் போட்டு மட்டும் குடித்தோம். உடலைத் தூக்கி வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் ஒரு மாதம் மீனைத் தொடவில்லை. அதெல்லாம் அம்மாவின் முகத்தில் அப்போது ஒருசேர வந்து போனது.

அப்பாவிடம் அன்று மாலை கேட்டாள்.

"அங்க போயி என்னாங்க பண்றாங்க அந்தம்மா?"

"தூங்கறாங்க."

"தூங்கறதுக்கு லாட்ஜ் ரூம் இல்லியா? கட்டில் இல்லியா? மணல்ல போயி எதுக்குத் தூங்கணும்?"

"என்னைக் கேட்டா? அவங்களுக்கு அங்க தூக்கம் வருது."

"நாளைக்கி இவளயும் கூட அனுப்பறேன்" என்று அம்மா என்னைப் பார்த்தாள். "அந்தம்மா கூடவே உக்காந்திரு. தண்ணிகிட்ட போனா கையப் புடிச்சு இழு. என்ன பேசறாங்க, என்ன பண்றாங்கன்னு பாத்து எனக்கு வந்து சொல்லு."

இப்படித்தான் நான் அந்தத் திட்டுக்குப் போனேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது கண்ணை மூடினாலும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீண்ட பகலாகத்தான் வருகிறது. பரிசல் கரையைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கிளம்பும். பஸ்ஸும் அடுப்புப் புகையும் கூட்டமும் ஒரு பக்கமாகத் திரும்பி மறையும், காடு வரும், பாறை வரும், மறுபடி அதே புகை சின்னதாகிப்போய் வரும். திட்டில் இறங்கினால் மணல் ஓரத்தில் ஈரமாகவும் நடுவில் சுடுசோறாகவும் இருக்கும். லாட்ஜ் அம்மா மருத மர நிழலில் ஒரு போர்வையை விரிப்பார். குடையைத் தலைமாட்டில் சாய்த்து வைப்பார். பையிலிருந்து பன்னும் வாழைப்பழமும் எடுத்து எனக்குக் கொடுப்பார். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள், தினமும் ஒரே மாதிரி.

"பாப்பா, நான் தூங்கிட்டா எழுப்பிடாத. பரிசல் வந்தாலும் எழுப்பாத. நானா எந்திரிக்கிறேன்."

முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வார். நூறு எண்ணுவதற்குள் தூங்கிவிடுவார்.

அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தூங்கினால் பாதி காது விழித்திருக்கும். இவர் முழுசாகத் தூங்கினார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாய் லேசாகத் திறந்து. நிழல் நகர்ந்து வெயில் பாதத்தில் விழுந்தாலும் தெரியாது. நான் குடையை எடுத்துப் பாதத்துக்கு வைப்பேன். மர நிழலில் தண்ணீரின் ஒளி நெளிந்துகொண்டே இருக்கும். அது அவர் புடவை மேலும் என் கால் மேலும் ஓடும். மீன்கொத்தி ஒன்று நாணலில் வந்து உட்கார்ந்து என்னை யோசனையோடு பார்க்கும். தூரத்தில் அருவிக் கூச்சலுக்கு அடியில், மனிதக் கூச்சல் பூச்சி ரீங்காரமாகக் கேட்கும். எனக்கு வேலை எதுவும் இல்லை. தண்ணீர் தூக்க வேண்டாம், வெங்காயம் உரிக்க வேண்டாம். ஒரு சீசன் பகலில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. மணலில் விரலால் கோடு போட்டுப் போட்டு நானும் சில நேரம் தூங்கிவிடுவேன். காவலுக்கு வந்தவள் தூங்கியதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் விழித்ததும் உடனே எழாமல் அப்படியே படுத்துக்கொண்டு பேசினார். நான் கேட்டிருந்தேன், ரூமில் தூக்கம் வராதா என்று.

"ரூம்ல கதவு இருக்குதில்ல பாப்பா. கதவு இருந்தா யாராவது வந்து தட்டுவாங்கன்னே இருக்கு. இங்க யாரு தட்டறது?"

"தட்டுனா என்னாங்க?"

"எங்க மாமியார் ஒம்போது வருஷம் படுக்கையில இருந்தாங்க. பேச்சு வராது. ஏதாவது வேணும்னா பித்தளை டம்ளரால செவுத்துல தட்டுவாங்க. ராத்திரியில எத்தன தடவன்னு கணக்கில்ல. பாவம், அவங்க மேல தப்பு இல்ல. தை மாசம் போயிட்டாங்க. ஆனா எனக்கு இன்னும் தட்டற சத்தம் கேக்குது." தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டார். "வூட்ல சொன்னா என்ன சொல்வாங்க? அதான் அவங்க போயிட்டாங்களே, இனிமே நல்லாத் தூங்கேன்னு சொல்வாங்க. சேலத்துல எங்க அக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும்."

பத்து வயசுப் பெண்ணுக்கு இதில் என்ன புரியும்? மாமியார் செத்துப்போனார், இவர் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இவருக்கு இல்லாத சத்தம் கேட்கிறது. எனக்குப் புரிந்தது இந்த மூன்றுதான். அதைத்தான் மாலையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மாலை நேரத்து அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி பஸ் போன பிறகு அடுப்புக்காரப் பெண்கள் எல்லாரும் அம்மாவைச் சுற்றி வந்து உட்காருவார்கள். "இன்னைக்கி என்னா பண்ணுனாங்க சொல்லு" என்பார்கள். அதுவரை எங்கள் வரிசையில் என் பேச்சை நின்று கேட்டவர் கிடையாது. "அக்கட்ட போ" என்பதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது. இப்போது நான் வாய் திறந்தால் அம்மி ஓசை நின்றது. பாத்திரம் தேய்த்த கை சாம்பலோடு அப்படியே நின்றது. முதல் இரண்டு நாள் "தூங்கனாங்க, எந்திரிச்சாங்க, பன்னு குடுத்தாங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவர்கள் முகம் வாடிப்போனது. மூன்றாம் நாள், லாட்ஜ் அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்று கால் கழுவினார். "தண்ணியவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க" என்று சொன்னேன். பக்கத்து அடுப்பு அக்கா நெஞ்சில் கை வைத்தது. அந்தக் கை வைத்தல் எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

அறியாப் பிள்ளை செய்தது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கொஞ்சம் தெரிந்துதான் செய்தேன்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ. திரும்பி வரும்போது லாட்ஜ் அம்மா அப்பாவிடம், "கொஞ்ச நேரம் துடுப்புப் போடாம விடுங்களேன், அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். அப்பா பரிசலை வேகமில்லாத மடுவுக்குள் கொண்டுபோய், துடுப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பரிசல் தானாகச் சுற்றியது. இரண்டு பக்கமும் உயரமான பாறைகள், நடுவில் ஒரு துண்டு வானம். பாறையும் வானமும் மெதுவாக எங்களைச் சுற்றி நடந்தன. எங்கோ ஈரம் சொட்டியது.  அவர் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் சொன்னார்:

"இப்படியே போய்க்கிட்டே இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்."

"போய்க்கிட்டே இருந்தா மேட்டூர் வந்துருங்க" என்றார் அப்பா.

லாட்ஜ் அம்மா சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அது பாறையில் பட்டு இரண்டு தடவை திரும்பி வந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும்.

அன்று மாலை அப்பா பரிசலுக்குத் தார் பூச ஊட்டமலைப் பக்கம் போயிருந்தார். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். லாட்ஜ் மேனேஜரும் குழம்பு வாங்கிப்போக வந்து நின்றிருந்தார். "என்னாடி சொன்னாங்க இன்னைக்கி?" என்றாள் அம்மா.

"இப்படியே போயிட்டா எவ்ளோ நல்லாருக்கும்னு சொன்னாங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. "போய்க்கிட்டே இருந்தா" என்பது "போயிட்டா" என்று ஆயிற்று. அப்பா சொன்ன மேட்டூரை விட்டுவிட்டேன். சிரிப்பையும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் சிரிப்பைச் சொன்னால் அவர்கள் முகம் மாறிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

 மேனேஜர் தூக்குவாளியை வாங்காமலே திரும்பிப்போனார். மறுநாள் தபாலாபீஸ் திறந்ததும், பதிவுப் புத்தகத்தில் இருந்த பெங்களூர் விலாசத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது தந்தி போய்விட்டிருந்தது. "நான் அங்கதானே இருந்தேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டா என்னா?" என்றார். அவர் குரலை உயர்த்தியதை நான் கேட்டது அபூர்வம். அம்மா, "உங்களுக்கு எல்லாம் வெளாட்டு. போன வருசம் யாரு தூக்கிட்டு வந்தது?" என்றாள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஒற்றைச் செருப்புகளை அடுக்குவதில் மும்முரமானேன்.

இரண்டு நாள் லாட்ஜ் அம்மாவைத் திட்டுக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. தண்ணீர் ஏறுகிறது என்று மேனேஜர் சொல்லிவைத்தார். எங்கேயும் ஏறவில்லை. துறைக்கு வந்து அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். வரிசையாக வெறுமனே நின்ற பரிசல்களைப் பார்த்தார். திரும்பிப்போனார். லாட்ஜ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த அன்று கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மறுபடி வந்திருந்தது. திட்டில் அது எப்போது மறைந்தது என்று நான் கவனித்திருக்கவே இல்லை. என்னைப் பார்த்ததும், "பாப்பா, நாளைக்கிப் போலாமா?" என்று கேட்டார். நான் ஓடிவந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு வாடகைக் கார் வந்தது. உள்ளிருந்து இறங்கியவர் கொடுமைக்காரராக இருப்பார் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். வழுக்கைத் தலையும் கசங்கிய சட்டையுமாக, பயத்தில் முகம் வீங்கிய ஒரு மனிதர் இறங்கினார். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்க வேண்டும். மனைவியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி, என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன பண்ணேன்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். லாட்ஜ் அம்மா புருஷனின் கையைத் தடவிக் கொடுத்தார், குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல. மேனேஜர் எங்கள் அடுப்பைக் கைகாட்டினார். அந்த மனிதர் வேகமாக வந்து அம்மாவைக் கும்பிட்டார்.

"நீங்கதான் சொல்லி அனுப்புனீங்களாம். என் சம்சாரத்தக் காப்பாத்திக் குடுத்துட்டீங்கம்மா. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

அம்மா எழுந்து, மிளகாய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. தனியா எங்கயும் வுட்டுராதீங்க" என்றாள்.

லாட்ஜ் அம்மா பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு காருக்குப் போகும் வழியில் எங்கள் அடுப்பருகே நின்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன குரல்.

"அக்கா, நான் சாக வரலைங்க. தூங்க வந்தேன். ஒம்போது வருஷத் தூக்கம். இன்னும் நாலு நாள் இருந்திருந்தா போதும்."

அம்மா மிளகாய்க் கையைப் புடவையில் துடைத்தாள். 

"இனிமே தனியா வுட மாட்டாங்க. கதவக்கூடத் தாப்பாள் போட வுட மாட்டாங்க." குனிந்து என்னைத் தேடிப் பார்த்தார். "பாப்பா, என் கால்ல வெயில் படாம குடை வச்சது நீதானே? தெரியும்."

அவ்வளவுதான். கார் கதவு சாத்திக்கொண்டது. மலை வளைவில் அதன் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. பிறகு வழக்கமான பஸ்கள், வழக்கமான கூட்டம். அம்மா அன்று நாலு குடும்பத்துக்குச் சமைத்தாள். இரண்டில் உப்பு இல்லை என்று திரும்பி வந்தது.

மறுநாள் தண்ணீர் தூக்கிக்கொண்டு வரும்போது, குடத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிசல் சுற்றியது, மேட்டூர், பாறையில் பட்டுத் திரும்பிய சிரிப்பு, கால் கழுவியதை நான் மாற்றிச் சொன்னது, எல்லாம். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா அம்மிக்கல்லில் ஒட்டியிருந்த மிளகாயை வழித்தாள்.

"நீ சொன்னது கொஞ்சம். மிச்சத்த நாங்களே சொல்லிக்கிட்டோம்" என்றாள். பிறகு, "தூங்கறாங்கன்னு உங்கப்பா மொதல்லயே சொன்னாரு" என்றாள். பிறகு நெடுநேரம் அரைத்தாள்.

எனக்கு இப்போது அந்த லாட்ஜ் அம்மாவைவிட வயது அதிகம். மாமியாரும் மாமனாரும் என் கையில்தான் போனார்கள். அவர் கணவரைப் போல நல்லவர்தான் என் கணவரும். அன்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதும் இப்போது புரிகிறது. விடியலில் எழுந்து விளக்கு வைத்த பிறகும் பாத்திரம் தேய்த்தவர்கள் அவர்கள். ஒரு பெண் ஒன்றும் செய்யாமல் படுத்துக்கிடக்க ஆசைப்படுவாள், அதற்காகப் பொய் சொல்லி, பஸ் ஏறி, ஊர் தாண்டி வருவாள் என்பது அவர்களுக்குத் தோன்றவே வழியில்லை. சாவு தோன்றியது. தூக்கம் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். விலாசம் லாட்ஜ் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் ஏதோ ஒரு வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வைகாசி பாதி ஆயிற்று. மேலே மழை தொடங்கிவிட்டதாக அக்கரைக்காரர்கள் கன்னடத்தில் கூவிச் சொன்னார்கள். இன்னும் நாலைந்து நாளில் திட்டு முங்கிவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமை, சீசனின் கடைசிக் கூட்டம். பத்து மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அம்மா பற்றவைத்த அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள். கையைக் கழுவினாள். கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்துகொண்டு, வெறுங்கையோடு பரிசல் துறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என்னை அக்கட்ட, அந்தத் திட்டுல கொண்டுபோயி வுடுங்க" என்றாள் அப்பாவிடம்.

அப்பாவின் பரிசலில் ஏறுவதற்கு ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. அவர் அவர்களிடம் ஏதோ சொல்லி வேறு பரிசலுக்கு அனுப்பினார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி அந்த ஆற்றங்கரைக்கு வந்ததிலிருந்து அவள் விறகுக் கட்டோ அரிசி மூட்டையோ இல்லாமல் பரிசலில் உட்கார்ந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் மாதிரி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பரிசல் சுற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு திறந்து பார்த்தாள்.

மருத மரத்தடியில் அவளுக்கு விரிப்பு எதுவும் இல்லை. மணலைக் கையால் தடவிச் சமன் செய்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். "யாரும் எழுப்பாதீங்க" என்றாள். சொல்லும்போதே வெட்கம்போல ஒன்று முகத்தில் வந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்பாவும் நானும் தள்ளி உட்கார்ந்தோம். கரையில் பஸ்கள் ஹாரன் அடித்தன. எங்கள் அடுப்பின் முன்னால் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு யார் யாரோ நின்று பார்த்துவிட்டு அடுத்த அடுப்புக்குப் போவது சின்னச் சின்னதாகத் தெரிந்தது. பக்கத்து அடுப்பு அக்கா தண்ணீர் ஓரம் வந்து வாயில் கையைக் குவித்து என்னவோ கத்தியது. அப்பா எழுந்து நின்று, சத்தம் போடாதே என்று கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா தன் அடுப்புக்குத் திரும்பிப்போனது.

நாலு மணிவரை அம்மா தூங்கினாள். அப்பா இரண்டு தடவை ஓசையில்லாமல் பக்கத்தில் போய்க் குனிந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.